எத்தியோப்பிய நண்பரோடு மாலத்தீவுக்கு: கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மாலத்தீவு போக மிக அருகில் இருப்பது திருவனந்தபுரம் விமான நிலையம். நாகர்கோவிலில் இருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இங்கே படிக்கும், வேலை பார்க்கும் எத்தியோப்பிய நண்பரும் கூட வருகிறார் என்றால், விசா பற்றிய கவலை முதலில் வரும். அந்தக் கவலை தேவையில்லை. எத்தியோப்பியப் பாஸ்போர்ட்டானாலும் மாலத்தீவில் இறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். ஆள் மாட்டிக்கொள்வது திருவனந்தபுரத்து செக்-இன் கவுண்டரிலும், திரும்பி இந்தியாவுக்குள் வரும்போதும்தான்.

அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே நண்பரின் இந்திய விசாவை எடுத்துப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 'சிங்கிள்' என்று இருந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். நாட்டை விட்டு வெளியேறியதும் அந்த விசா முடிந்துபோகும். மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் இருந்துகொண்டு புதிய இந்திய விசாவுக்கு அலைய நேரும். 'மல்ட்டிபிள்' என்றால் பயமில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் தங்கியிருப்பவர், முதலில் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்த தாளையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது மஞ்சள் அட்டை. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடு. அங்கிருந்து புறப்பட்ட 6 நாளுக்குள் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மாலத்தீவும் அபாய நாடுகளில் இருந்து வருபவர்களிடம் இதே சான்றைக் கேட்கிறது. நண்பர் மாதக்கணக்காக இங்கேயே இருந்தாலும், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கவுண்டரில் கேட்கக்கூடும். அட்டை கையில் இருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால், பழைய அட்டையில் 10 வருடம் என்று அச்சாகியிருந்தாலும் திரும்ப ஊசி வேண்டாம்.

பெயரில்தான் பலர் தவறுகிறார்கள். எத்தியோப்பியர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாக வரும். டிக்கெட்டில் எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று ஊகிக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்துக்கு அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். முதல் வரியில், தொடக்கத்தில் வரும் ஆவண வகை, நாட்டுக் குறியீட்டை (ETH) விட்டுவிட்டால், இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது கடைசிப் பெயர், பின்னால் இருப்பது முதல் பெயர். அதை எழுத்து மாறாமல் பார்த்து எழுதுங்கள். பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டில் இருந்தே எடுங்கள். எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுவது, 13 மாதம் கொண்டது. அவர் நாட்டுச் சான்றிதழைப் பார்த்து எழுதினால் வயதே மாறிப்போகும்.

விமானப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற மாலத்தீவு அரசு இணையதளத்தில் பயண அறிவிப்பை ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் பக்கம், முகப்படம், தங்குமிடம், விமான எண் கேட்கும். கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் இடைத்தரகர் நடத்துவது, உடனே வெளியே வந்துவிடுங்கள். கிடைக்கும் கியூஆர் குறியீட்டைப் போனில் வைத்துக்கொள்வதோடு தாளிலும் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போதும் இதே அறிவிப்பை நிரப்ப வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கவுண்டரில் திரும்பும் டிக்கெட்டும், பணம் கட்டிய தங்குமிட ரசீதும் கேட்பார்கள். பயணி உள்ளே விடப்படாவிட்டால் விமான நிறுவனமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதனால்தான் அவ்வளவு கெடுபிடி. ரசீதில் இருவர் பெயரும் இருக்கட்டும். அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் அவர் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் படிவம் வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. பாஸ்போர்ட் காலாவதிக்கு 6 மாதமாவது மிச்சம் இருப்பது நல்லது.

பெட்டியில் மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள், மின் சிகரெட் எதுவும் கூடாது. நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். காரில் போனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலுக்கு நாகர்கோவிலில் இருந்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.