பெரிய தொட்டியில் ஆரல் மீன்களைக் கூட்டமாக வளர்ப்பது எப்படி?

கடைகளில் 'ஸ்பைனி ஈல்' என்ற பெயரில் கிடைப்பது ஆரல் மீன். உடம்பு பாம்பு போல நீண்டிருப்பதால் பலர் இதை விலாங்கு என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள், முகத்தின் நுனியில் அசைந்துகொண்டே இருக்கும் தும்பிக்கை போன்ற மூக்கு, அதன் இரு பக்கமும் குழாய் போல நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குத்துளைகள்: இவற்றை வைத்து ஆரலை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வீட்டுத் தொட்டியில் ஆரல் நோயால் சாவதைவிடப் பட்டினியாலும், மூடியின் இடுக்கு வழியாக வெளியே விழுந்தும் சாவதுதான் அதிகம். இரண்டையும் முழுக்கத் தடுக்க முடியும்.

படி 1: எந்த ஆரல், எத்தனை?

எல்லா ஆரலும் கூட்டத்துக்கு ஒத்துவராது. ஃபயர் ஈல் 1 மீட்டர் வரை வளரும். சிறு வயதில் சேர்ந்திருந்தாலும், பெரிதானதும் தன் இனத்தையே கடித்துக் குதறும். டயர் ட்ராக், ஜிக்ஜாக் ஈல்களும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றைத் தனியாக வளர்ப்பதே நல்லது.

முதன்முறை கூட்டமாக வளர்க்க பீகாக் ஈல் ஏற்றது. வால் பக்கம் வளையம் சூழ்ந்த கறுப்புக் கண்புள்ளிகள் இருக்கும். அதிகபட்சம் 30 செ.மீ. வளரும். 150 × 60 × 50 செ.மீ. தொட்டியில், அதாவது 450 லிட்டரில், 4 அல்லது 5 வைக்கலாம். இரண்டு மட்டும் வைத்தால் வலுவானது மற்றதை ஓயாமல் விரட்டும். எண்ணிக்கை கூடினால் அந்தத் துரத்தல் பலர் மேல் பிரிந்துவிடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும். இந்த மீன்களுக்குத் தரைதான் வீடு, அதனால் உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டியே உதவும்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எடை 600 கிலோவை நெருங்கும். ஸ்டாண்டும் தரையும் அதைத் தாங்குமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: மணல்

இதில் சமரசமே வேண்டாம். ஆரல் பகலில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மணலுக்குள் கிடக்கும் மீன். சரளைக்கல் போட்டால் புதையும்போது தோல் சிராய்க்கும்; அந்தச் சிராய்ப்பில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பிடிக்கும். பலர் இதை 'திடீரென்று வந்த நோய்' என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். காரணம் காலுக்குக் கீழே கிடக்கிறது.

1 மி.மீ.க்குக் குறைந்த, முனை மழுங்கிய மெல்லிய மணல் வாங்குங்கள். விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். 6 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப இந்தத் தொட்டிக்கு 54 லிட்டர் மணல் வேண்டும், எடையில் 80 கிலோவுக்கு மேல். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள்.

கல் வைப்பதாக இருந்தால், மணல் போடுவதற்கு முன்பே தொட்டியின் அடிக்கண்ணாடி மேல் மெல்லிய ஃபோம் விரித்து, அதன்மேல் கல்லை அசையாமல் உட்காரவைத்து, பிறகு சுற்றிலும் மணலை நிரப்புங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், ஆரல் அடியில் தோண்டும்போது கல் சரிந்து அதை நசுக்கிவிடும்.

படி 3: ஒளிவிடங்கள்

மீன்களைவிட ஒளிவிடம் அதிகமாக இருக்க வேண்டும். 5 மீனுக்கு 8 இடம் என்று கணக்கு வையுங்கள். 25 முதல் 32 மி.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். உடம்பு குழாயின் சுவரைத் தொடுவதுதான் ஆரலுக்குப் பிடிக்கும், அதனால் ரொம்பப் பெரிய குழாய் வேண்டாம். வளர வளர மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு முனையும் திறந்திருக்கட்டும். ஒரு முனையை மணலால் அடைத்துவிட்டால், உள்ளே மாட்டிய மீனுக்கு ஓட வழியில்லாமல் அங்கேயே கடிபடும். குழாய்களை ஒரே மூலையில் அடுக்காமல், வேறு வேறு திசை பார்க்கப் பரப்பி, நடுவே மரக்கட்டையோ கல்லோ வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி மறையுங்கள்.

மணலில் வேர்விடும் செடிகளை ஆரல் இரவோடு இரவாகப் பிடுங்கிவிடும். மணலில் நடத் தேவையில்லாத அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளை மரக்கட்டையில் நூலால் கட்டுங்கள். மேலே மிதக்கும் செடி இருந்தால் வெளிச்சம் மங்கி, பகலிலும் மீன் தைரியமாக வெளியே வரும்.

படி 4: மூடி, ஃபில்டர், ஹீட்டர்

ஆரலின் மூக்கு நுழைந்தால் உடம்பும் நுழையும். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாய் மேலேறும் இடம், ஹீட்டர் ஒயர் வரும் இடம், தீனி போடும் துளை என ஒவ்வொன்றிலும் உங்கள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் போனால் ஸ்பாஞ்சை வெட்டி இறுக்கமாக அடையுங்கள். மூடி லேசானதாக இருந்தால் கிளிப் போடுங்கள். தண்ணீர் மட்டத்தை மூடியிலிருந்து 8 செ.மீ.யாவது கீழே வையுங்கள்.

ஃபில்டர் மணிக்கு 2,000 லிட்டருக்குக் குறையாமல் சுழற்ற வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் முனையில் கட்டாயம் ஸ்பாஞ்ச் போடுங்கள். இல்லாவிட்டால் குட்டி ஆரல் உள்ளே போய்விடும். ஹீட்டருக்கு பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள். அதன்மேல் சுற்றிப் படுத்துக்கொண்டு தோலைச் சுட்டுக்கொள்ளும் பழக்கம் இவற்றுக்கு உண்டு.

படி 5: தண்ணீரைத் தயாரித்தல்

வெப்பம் 24 முதல் 28 டிகிரி, பி.ஹெச். 6.5 முதல் 7.5. குளோரின் நீக்கிய பிறகு, மீன் இல்லாமலே 4 முதல் 6 வாரம் ஃபில்டரை ஓடவிட்டு அமோனியா கொடுத்து, மீன் கழிவின் நச்சை நீக்கும் நல்ல பாக்டீரியாவை வளருங்கள். 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, அது மாறி உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சும் பூஜ்யமாக வந்தால்தான் தொட்டி தயார். அதன் பிறகு வாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும்.

படி 6: மீன் வாங்குதல், சேர்த்தல்

வயிறு ஒட்டிப்போன மீனை இரக்கப்பட்டு வாங்காதீர்கள். மூக்கில் காயம், உடம்பில் சிவப்புத் திட்டு, வெள்ளைப் பஞ்சு எதுவும் இருக்கக்கூடாது. முடிந்தால் கடைக்காரரிடம் புழு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிடும் மீன்தான் பிழைக்கும்.

வலையில் பிடிக்க வேண்டாம். முதுகு முட்கள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும்; இழுத்தால் சதையோடு கிழியும். குழாய்க்குள் இருக்கும்போதே இரு முனைகளையும் உள்ளங்கையால் மூடி, குழாயோடு தூக்கிவிடலாம்.

நோய் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க, புது மீன்களை 3 முதல் 4 வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். அங்கேயும் மணலும் மூடியும் வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகப் பெரிய தொட்டித் தண்ணீரைச் சேர்த்து 45 நிமிடம் பழக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏற்கெனவே ஓர் ஆரல் தொட்டியில் இருந்தால், புதியவை வரும் அன்று குழாய்களையும் கட்டைகளையும் இடம் மாற்றுங்கள். பழைய மீனுக்கு 'என் இடம்' என்று ஒன்று இல்லாமல் போனால் சண்டை குறையும்.

படி 7: தீனி

முதல் சில நாட்கள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. பெல்லட், ஃப்ளேக் போன்ற காய்ந்த தீனி எதையும் ஆரல் தொடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உயிருள்ள மண்புழுவும் ரத்தப்புழுவும் (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு இளம்புழு)தான். பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்த சிறிய மண்புழுவை நன்றாகக் கழுவி, வாய்க்கு ஏற்ற துண்டாக நறுக்குங்கள்.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, தொட்டியின் மூன்று மூலைகளில் தனித்தனியாகப் போடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் வலுவான மீன் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், மற்றவை மெலியும். சிவப்பு வெளிச்ச டார்ச்சில் பார்த்தால் அவை கூச்சப்படாது. முதலில் மூக்கு இப்படி அப்படி ஆடி மணலைத் தடவும். புழுவில் பட்டதும் ஒரு கணம் நிற்கும். அப்புறம் நூடுல்ஸ் உறிஞ்சுவது போல ஒரே இழுப்பு.

நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, மூன்று பங்கு உயிர்த்தீனிக்கு ஒரு பங்கு உறைந்த ரத்தப்புழு எனக் கலந்து, 2 முதல் 3 வாரத்தில் உறைந்ததன் பங்கைக் கூட்டுங்கள். நறுக்கிய இறாலையும் பழக்கலாம். குட்டிகளுக்குத் தினமும், பெரியவற்றுக்கு வாரம் 3 அல்லது 4 தடவை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வேண்டாம். அந்தக் கொழுப்பு இவற்றுக்குச் செரிக்காது.

கூட இருக்கும் மீன்கள்

கௌராமி, ரெயின்போ போன்ற மேல், நடுத்தண்ணீர் மீன்கள் சரி. இறால், மீன்குஞ்சு எல்லாம் இரை. டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். தரையில் வேகமாகத் தின்னும் லோச் கூட்டம் இருந்தால் ஆரலுக்குத் தீனி மிஞ்சாது.

எது தவறும், ஏன்?

மீனைக் காணவில்லையா? மணலைக் கிளறித் தேடாதீர்கள். இரவில் தீனி போட்டு எண்ணுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து கணக்கு வராவிட்டால், முதலில் தொட்டிக்குப் பின்னால் தரையையும், பிறகு ஃபில்டரையும் பாருங்கள். அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயை மணலுக்குள் குத்தாமல் மேற்பரப்பை மட்டும் உறிஞ்சுங்கள். அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

பட்டப்பகலில் ஒரு மீன் மட்டும் மூலையில் திறந்த வெளியில் கிடந்தால், அதை மற்றவை விரட்டிவிட்டன என்று அர்த்தம். வாலிலோ விலாவிலோ கடித்த தடம் இருக்கும். அன்றே அதைப் பிரித்து, தேறிய பிறகு ஒளிவிடங்களை மாற்றியமைத்துத் திரும்ப விடுங்கள்.

வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அவசரப்பட்டு மருந்தைக் கொட்டாதீர்கள். ஆரலின் செதில் மிகச் சிறியது, மருந்து சட்டென்று தாக்கும். தாமிரம் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். வெப்பத்தை 12 மணி நேரத்துக்கு 1 டிகிரி வீதம் 30 வரை ஏற்றுங்கள், காற்றுக்குமிழியைக் கூட்டுங்கள். மருந்து அவசியம் என்றால் பாதி அளவில் தொடங்கி, மீன் மூச்சு வாங்குகிறதா என்று முதல் சில மணி நேரம் அருகிலிருந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி, மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் கார்பனை ஃபில்டரில் போடுங்கள்.