விடைத்தாள் வீட்டுக்கு வரும் சாயங்காலம்: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

பெங்களூரில் ஆறாம் வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய கன்னடம் ஒரு பாடம், பல பள்ளிகளில் இந்தி இன்னொரு பாடம். அதுவரை வாய் ஓயாத பிள்ளை திடீரென்று கை தூக்குவதை நிறுத்துவது இந்த வயதில்தான். மிஸ் திட்டுவதைவிடப் பக்கத்து பெஞ்சு சிரித்துவிடுமோ என்ற பயம் பெரிதாகிவிடுகிறது. அந்தப் பயத்தோடு பிள்ளை எப்படி நடந்துகொள்ளும் என்பது பெரும்பாலும் வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். 1983-இல் மக்கோபி, மார்ட்டின் என்ற இரு உளவியலாளர்கள் நான்காவதைச் சேர்த்தார்கள். நம் பாஷையில் சொன்னால் மிரட்டல் வீடு, செல்ல வீடு, கண்டுகொள்ளாத வீடு, கண்டிப்போடு காதும் கொடுக்கும் வீடு. மிரட்டல் வீட்டுப் பிள்ளைக்கு விடை தெரியும், ஆனால் கை எழாது; தப்பானால் என்ன ஆகும் என்பது அதற்கு அத்துப்படி. செல்ல வீட்டுப் பிள்ளை உற்சாகமாக ஆரம்பித்து, கணக்கு கொஞ்சம் இழுத்தால் பென்சிலை வைத்துவிடும். அப்பா மிரட்டல், அம்மா ரகசியச் செல்லம் என்று கலந்த வீடும் உண்டு. அங்கே பிள்ளை முதலில் கற்பது விடைத்தாளை ஒளித்துவைக்க.

ஆகவே விடைத்தாளிலிருந்தே தொடங்குங்கள். வந்ததும் "எவ்வளவு?", அடுத்து "ஹையஸ்ட் யாரு?" என்று கேட்பதை விடுங்கள். சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு தாளைப் பிள்ளையே விரிக்கட்டும், போன மார்க்கை மூன்றாகப் பிரிக்கட்டும்: தெரியாமல் போனது, தெரிந்தும் தவறியது, தொடாமலே விட்டது.

கணக்கில் 40-க்கு 23 என்று வைத்துக்கொள்வோம். போன 17-இல் ப்ளஸ், மைனஸ் குறி மாறியதில் 6, யூனிட் எழுதாததில் 3, வார்த்தைக் கணக்கைத் தொடாததில் 8. அடுத்த டெஸ்டுக்கு இதில் எதைப் பிடிப்பது என்று பிள்ளை சொல்லட்டும். நீங்கள் எட்டைக் காட்டுவீர்கள், அது மூன்றைக் காட்டும். மூன்றே இருக்கட்டும். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை, முன்பு ஒரு தடவை தானே செய்து முடித்ததிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது என்று காட்டியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. அம்மா குறித்துக் கொடுத்த இலக்கை எட்டினால் அது அம்மாவின் வெற்றி.

பாராட்டும் சில சமயம் காலை வாரும். 1998-இல் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 'புத்திசாலி' என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட அதிகமாகச் சுலபமான வேலையையே தேடினார்கள். ஒரு தோல்விக்குப் பின் இன்னும் மோசமாகச் செய்தார்கள். "மூணாவது ஸ்டெப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டே பாரு, அதான் வந்துச்சு" என்று செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு முதல் நாள் ராத்திரி, மிஸ்ஸிடம் கேட்க இரண்டு கேள்விகளைப் பிள்ளை துண்டுச் சீட்டில் எழுதட்டும். அங்கே போனதும் "முதல்ல அவளே பேசட்டும் மிஸ்" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் "இவ ரொம்ப ஷை மிஸ்" என்று வாயில் வந்துவிடும். ஆசிரியர் முன்னால் ஒட்டிய அந்த லேபிளை உரிக்க ஒரு வருஷம் ஆகும்.

பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் போட வைக்கிறவர்கள் ஒரே நாளில் எழுந்து போய்விடக் கூடாது. முதல் வாரம் பக்கத்தில் இருந்தாலும் உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டாம் வாரம் அடுத்த அறையிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து முடித்ததைக் காட்டினால் போதும். இடையில் ஒரு டெஸ்டில் மார்க் சரியக்கூடும். பாதிப் பேர் பதறிப்போய் மறுபடி நாற்காலியை இழுத்துப் போடுவது அந்த வாரத்தில்தான். மறந்துபோன நோட்டை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதும் இதே ரகம். மருந்து, கண்ணாடி என்றால் ஓடுங்கள், நோட்டுக்கு வேண்டாம்.

கன்னடத்துக்கு ஒரு வழி உண்டு. பால் வாங்க பூத்துக்குப் பிள்ளையை அனுப்புங்கள். "அர்த லீட்டர் ஹாலு கொடி" என்று கேட்டு வாங்கி வரட்டும். ராத்திரி ஐந்து நிமிடம் பாடத்தை உரக்கப் படிக்கட்டும், அடுத்த பத்தியை நீங்கள் படியுங்கள். உங்கள் உச்சரிப்பைத் திருத்த அதற்குக் கட்டாயம் வாய்ப்புக் கிடைக்கும். தப்பாகப் படித்துவிட்டுச் சிரிக்கிற அப்பாவைப் பார்ப்பது எந்த டியூஷனிலும் கிடைக்காது.

காது கொடுப்பதென்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதல்ல. ஒன்பதரைக்குப் போன் ஹாலுக்கு வந்துவிட வேண்டும் என்றால் வந்துவிட வேண்டும். ஒன்பதரையா, பத்தா என்று ஞாயிற்றுக்கிழமை பேசலாம். அன்றன்றைக்கு ராத்திரி பேரம் கிடையாது. தாத்தா பாட்டிக்கும் இதே விதி. "அத்தை பையனைப் பாரு" என்ற வசனத்தை நிறுத்தச் சொல்வது இதைவிடக் கஷ்டம், ஆனாலும் சொல்லுங்கள்.

பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, சனி ஞாயிறு வந்தால் காணோம் என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் அது சோம்பல் அல்ல. டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, வகுப்பாசிரியர், பிறகு பள்ளி கவுன்சிலர் என்று போங்கள். கேலியோ அடியோ நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்குத் தெரியாமல் பேசாதீர்கள், சொல்லிவிட்டுப் பேசுங்கள்.