கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஸ் டிக்கெட்: தமிழ் ஆப்பைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி செய்வது எப்படி

நீங்கள் செய்த ஆப்பையோ வெப்சைட்டையோ பார்வையற்ற ஒருவரால் பயன்படுத்த முடியுமா என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்ட் போன் என்றால் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி பகுதிக்குப் போய் டாக்பேக்கை ஆன் செய்யுங்கள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற இந்த மாதிரி மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். விரலை வலப்பக்கம் தள்ளினால் திரையில் அடுத்து இருப்பதைப் படிக்கும், இருமுறை தட்டினால் அது அழுத்தப்படும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற புரோகிராமர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, உங்கள் ஆப்பின் முக்கியமான வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்து பாருங்கள். அது என்ன வேலை என்பது முக்கியம். முகப்புப் பக்கம் நன்றாகப் படிக்கிறது, ஆனால் பணம் கட்டும் இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்றால் அந்த ஆப்பால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

பஸ் டிக்கெட் போடுகிற ஆப்பையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தப்பு நடக்கக்கூடிய இடமெல்லாம் அதில் வந்துவிடுகிறது.

முதலில் மொழி. வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், பக்கத்தின் தொடக்கத்திலேயே 'லேங்' என்று ஒரு இடம் இருக்கிறது, தமிழ்ப் பக்கத்துக்கு அதில் 'டிஏ' என்று இருக்க வேண்டும். ரெடிமேட் தீம் வாங்கிப் போட்ட பல தளங்களில் அது இங்கிலீஷ் என்றே கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. இங்கிலீஷ் குரலிடம் தமிழைக் கொடுத்தால் சில குரல்கள் மொத்தமாகத் தாண்டிப் போகும், சில வாய்க்கு வந்ததைச் சொல்லும். பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி மட்டும் இங்கிலீஷில் இருந்தால் அந்தப் பத்திக்குத் தனியாக மொழியைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, எழுத்து யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தருகிற பொது முறையில் இருக்க வேண்டும். இதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது. பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்த 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினியைப் பொறுத்தவரை அது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான், ஸ்கிரீன் ரீடரும் அதைத்தான் படிக்கும். கட்டண விவரம், பயண விதிமுறை எல்லாம் இப்படிப்பட்ட பிடிஎஃப்பாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிச் சாதாரணப் பக்கமாகவே போடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதைவிட மோசம், அது வெறும் படம், அதில் படிக்க ஒரு எழுத்துகூடக் கிடையாது.

சரி, இப்போது பட்டன்கள். டிவ் என்கிற வெறும் பொதுப் பெட்டியில் கிளிக்கை மாட்டிவிட்டு அதற்குப் பட்டன் மாதிரி கலர் கொடுப்பது நம் ஊர் டெவலப்பர்களிடம் பரவலாக இருக்கிற பழக்கம். அது பட்டன் என்பது ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது, கீபோர்டில் டேப் தட்டி வருகிறவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. எச்டிஎம்எல்லிலேயே பட்டன் இருக்கிறது, லிங்க் இருக்கிறது, செக்பாக்ஸ் இருக்கிறது, அவற்றையே பயன்படுத்துங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பூதக்கண்ணாடிப் படம் மட்டும் போட்ட பட்டனுக்கு 'பஸ் தேடு' என்று ஏரியா லேபிள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஸ்கிரீன் ரீடர் மட்டும் படிக்கிற பெயர் கொடுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரிகிற 'ஊர் பெயர்' என்ற குறிப்பு லேபிள் ஆகாது. எழுத ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும், திரும்ப வந்து பார்க்கிறவருக்கு அது புறப்படும் ஊரா சேரும் ஊரா என்று தெரியாது. தேதிக்குக் காலண்டர் விரிகிறதா? விரியட்டும், ஆனால் தேதியை நேராக டைப் செய்யவும் வழி வையுங்கள்.

சீட் வரைபடம்தான் நிஜமான சோதனை. கண்ணால் பார்க்கிறவர் ஒரே பார்வையில் ஜன்னலோரத்தையும் கீழ்ப் படுக்கையையும் பெண்களுக்கான சீட்டையும் பிடித்துவிடுகிறார். டாக்பேக்கில் போகிறவர் காதில் விழுவதோ 'பட்டன், பட்டன், பட்டன்'. ஒவ்வொரு சீட்டும் தன்னைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டும்: '12, கீழ்ப் படுக்கை, ஜன்னலோரம், பெண்களுக்கு, காலி, 850 ரூபாய்'. தேர்ந்தெடுத்த பிறகு 'தேர்வானது' என்றும் சொல்ல வேண்டும். அப்புறம், நாற்பது சீட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வைப்பது கொடுமை, அதனால் படத்துக்கு மேலேயே 'காலியானவை மட்டும்', 'கீழ்ப் படுக்கை மட்டும்' என்று வடிகட்ட வழி கொடுத்து, கிடைப்பதைச் சாதாரணப் பட்டியலாகக் காட்டுங்கள். வயதானவர்களும் அந்தப் பட்டியலைத்தான் விரும்புவார்கள் என்பது என் எண்ணம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்குக் காலியான சீட்டும் விற்றுப்போன சீட்டும் ஒன்றாகவே தெரியும், அதனால் ஒரு குறியோ எழுத்தோ கூடவே இருக்கட்டும்.

அதற்கப்புறம் ஓடிபி. முப்பது நொடிக்குள் போட வேண்டும் என்று ஓடுகிற கடிகாரத்தை வைத்துவிட்டு, ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டி போடுகிறார்கள். ஸ்கிரீன் ரீடரில் இருப்பவர் மெசேஜைத் தேடிப் போய், எண்ணைக் கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, பெயரில்லாத ஆறு பெட்டிகளில் தடவ வேண்டும். ஒரே பெட்டியாகப் போடுங்கள், பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள், போன் தானாக நிரப்ப அனுமதியுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். கோணல்மாணல் எழுத்துக் கேப்ட்சாவை எடுத்துவிடுங்கள். தவறு நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்கினால் போதாது; 'போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது' என்று எழுத்தில் வர வேண்டும், வந்த உடனே தானாகப் படிக்கப்படவும் வேண்டும்.

முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்று கேட்கிற சரிபார்ப்பு வேறு இருக்கிறது. ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்றது. ஆகவே சிமிட்ட முடியாதவருக்கு வேறு வழி வைப்பது நம் தயவு இல்லை, அவருடைய உரிமை.

குறைந்த பார்வை உள்ளவர்களை மறந்துவிட வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டி. வெள்ளையில் வெளிர்சாம்பல் அதில் தேறாது. போன் எழுத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். இங்கிலீஷில் 'புக்' என்று அடங்கியது தமிழில் 'முன்பதிவு செய்க' என்று நீண்டு பட்டனுக்கு வெளியே வெட்டுப்படும், வரி இடைவெளி போதாமல் எழுத்துக்கு மேலே வளையும் கோடும் கீழே இறங்கும் சுழியும் அறுபடும். பட்டனின் உயரத்தை எண்ணாகப் பூட்டி வைக்காமல் எழுத்தோடு வளர விடுங்கள்.

குரோமில் இருக்கிற, பக்கத்தைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸை ஓடவிடுங்கள், ஆனால் அது தரும் மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அது பார்க்கும், விளக்கம் உருப்படியா என்று அதற்குத் தெரியாது. 'படம் 1' என்று எழுதினாலும் பாஸ் போட்டுவிடும்.

அதனால் கடைசியில் ஆட்கள் வேண்டும். தினமும் ஸ்கிரீன் ரீடரில் புழங்குகிற இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, டிசைன் காகிதத்தில் இருக்கும்போதே பேசுங்கள், ஆப் தயாரானதும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர்கள் பேச்சைக் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது, நாம் ஒரு வழியில் சோதித்ததை அவர்கள் வேறு வழியில் செய்வார்கள். அந்த வேலைக்கு மற்ற டெஸ்டர்களுக்குக் கொடுக்கிற கூலியையே கொடுங்கள். ஆப்புக்குள் குறை சொல்ல ஒரு இடம் வையுங்கள், அந்த ஃபார்மிலும் லேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு புது வெர்ஷன் விடும்போதும் அந்த டிக்கெட்டை இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள், போன மாதம் சரியாக இருந்த லேபிள் இந்த மாதம் காணாமல் போயிருக்கும்.