ஆப்பிரிக்க ஏற்றத்தாழ்வு: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

ஏழ்மையையும் ஏற்றத்தாழ்வையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதுதான் பரவலான தவறு. எத்தியோப்பியா ஏழை நாடு. ஆனால் உலக வங்கியின் 2015 கணக்கில், ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு அதற்கு 35தான். இதில் 0 என்றால் எல்லோருக்கும் சமம். 100 என்றால் எல்லாமே ஒருவர் கையில். எத்தியோப்பியாவைவிடப் பல மடங்கு வசதியான தென்னாப்பிரிக்காவுக்கு 2014 கணக்கில் 63. வைரத்தால் வளர்ந்த போட்ஸ்வானாவும் 50ஐத் தாண்டுகிறது. பிறகு எப்படி 'ஏழை நாடுகள், அதனால்தான் ஏற்றத்தாழ்வு, ஆப்பிரிக்காவே இப்படித்தான்' என்பது?

அடுத்தது, ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் "எல்லாம் ஊழல்" என்று கையை உதறிவிடுவது. ஊழல் இல்லாமல் இல்லை. முன்னாள் அதிபர் ஜூமாவின் ஆட்சி முறைகேடுகளை விசாரிக்கத் தென்னாப்பிரிக்காவில் ஸோண்டோ ஆணையம் அமைக்க வேண்டி வந்தது. ஆனால் அங்குள்ள ஏற்றத்தாழ்வின் அடித்தளம் அதற்கு வெகு முன்பே போடப்பட்டது. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது சுமார் 7 சதவீத நிலம். 1936இல் அது 13 சதவீதம் ஆனது, அவ்வளவுதான். அந்த எல்லைக்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கத் தடை. சொந்தமாகப் பயிரிட்டவர்கள் தங்கச் சுரங்கங்களுக்கும் வெள்ளையர் பண்ணைகளுக்கும் கூலிகளானார்கள். சுரங்கத்தில் நல்ல சம்பள வேலைகள் வெள்ளையருக்கு என்று சட்டமே ஒதுக்கியது. 1953ஆம் ஆண்டு பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பையும் அதே கூலி வேலை அளவுக்குக் குறுக்கியது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் வீட்டையும் நிறம் பார்த்துப் பிரித்தது. டர்பனில், கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் வாரிசுகளும் இதில் தப்பவில்லை, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

"1994இல்தான் ஓட்டுரிமை வந்துவிட்டதே?" வந்தது. ஓட்டு கிடைத்ததால் நிலமோ வீட்டு மதிப்போ கைமாறிவிடாது. ஜோகன்னஸ்பர்க்கில் நெருக்கியடித்த அலெக்சாண்ட்ராவையும் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் சாண்ட்டனையும் பிரிப்பது ஒரு நெடுஞ்சாலைதான். நகரத்துக்கு எட்டாத குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கோ சம்பளத்தில் பெரும் பங்கு மினிபஸ் டாக்சிக்கே போய்விடுகிறது. வேலை கிடைத்தவர் கதை இது. வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல்.

இதை இன்றும் வெறும் கறுப்பு வெள்ளைக் கணக்காகப் பார்ப்பதும் போதாது. 1994க்குப் பிறகு கறுப்பின மக்களுக்குள்ளேயே இடைவெளி கூடியிருக்கிறது. அரசு வேலையும் நிறுவனப் பதவியும் எட்டியவர்கள் ஒரு பக்கம், குழந்தை உதவித்தொகையில் குடும்பம் நடத்துபவர்கள் மறுபக்கம்.

கினி எண்களை அப்படியே அடுக்கி ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவும் வீட்டுச் செலவை வைத்துக் கணக்கிடுகின்றன. பிரேசில் போன்றவை வருமானத்தை வைத்து. செலவுக் கணக்கில் இடைவெளி பெரும்பாலும் குறைவாகவே தெரியும், ஏனெனில் பணக்காரர் சேமிப்பது அதில் வராது.