டெங்கு: கோபம் சாக்கடை மேல், கொசு பிரிட்ஜுக்குப் பின்னால்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தெருவில் எல்லோருக்கும் சாக்கடை மேல்தான் கோபம். புகார் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் டெங்குவைப் பொறுத்தவரை அது தப்பான விலாசம். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. ராத்திரி காதருகே பாடித் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரைத் தேடி வரும்.

பிரிட்ஜை ஒருமுறை சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள். பல மாடல்களில் பின்பக்கம் கீழே, கம்ப்ரஸருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் ஐஸ் தண்ணீராக அங்கேதான் வடிகிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் ஏராளம். டார்ச் அடித்துப் பார்த்தால், புழு இருந்தால், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பது சட்டென்று நெளிந்து அடியில் போகும். அப்புறம் மணிபிளான்ட் பாட்டில், ஏர்கூலர், பூந்தொட்டியின் அடித்தட்டு, யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல்லின் குழி, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், மூடி சரியாகப் பொருந்தாத டேங்க்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் அவை அங்கேயே இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். கோடை முழுக்கக் காலியாகக் கிடந்த டிரம்மில் முதல் மழைக்கே புழு வருவது இப்படித்தான். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டு உட்பக்கத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

கொசுப்புகை அடிக்கும் வண்டி வந்தது, இனிக் கவலையில்லை என்பார்கள். அந்தப் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது. ஏடிஸோ வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். நாம் அந்த நேரம் பார்த்து ஜன்னலை வேறு அடைத்துவிடுகிறோம்.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். தேவையே இல்லை, அது எச்சிலிலோ தொடுவதாலோ பரவாது. தேவை கொசுவலை, அதுவும் பகலில். ஏடிஸ் பெரும்பாலும் காலையிலும் சாயங்காலமும் கடிக்கும். காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கடித்த கொசு, ஒன்றரை வாரம் போல் கழித்து அடுத்தவருக்கு வைரஸைக் கொடுக்கத் தொடங்கும்.

உடம்பு வலிக்கிறதென்று மருந்துக்கடையில் கேட்டு இபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போடாதீர்கள். ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ‘போன வருஷமே வந்துபோச்சு, இனி வராது’ என்ற தைரியமும் வேண்டாம். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை தொற்றினால் முற்றிப்போகும் வாய்ப்பு கூடுகிறது.

எல்லாவற்றையும் விட மோசமான தவறு, காய்ச்சல் விட்டதும் நிம்மதியாவது. பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான், அதாவது 3-லிருந்து 7-ஆம் நாளுக்குள் சூடு இறங்கும்போது தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்த அழுத்தம் விழலாம். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்ணைவிட்டு அகலக் கூடாது. வீட்டார் ரத்தத்தில் உள்ள தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டு பப்பாளி இலைக்கு அலைகிறார்கள். டாக்டர்கள் அதோடு ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும், சிறுநீர் போகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் கரைசல் அடிக்கடி கொடுங்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கைகால் சில்லிடுதல், வழக்கமில்லாத சோர்வு, 6 மணி நேரமாகச் சிறுநீரே போகாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.