100% என்று காட்டும் முன்: கமாண்ட் லைன் புரோகிராம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்பவர்கள் எழுதும் ஸ்கிரிப்டுகளை ரிவ்யூ செய்வது என் வேலைகளில் ஒன்று. எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பகுதி (புரோகிரஸ் பார், சுருக்கமாக பார்) வந்தாலே, பல வருஷங்களுக்கு முன் நாங்கள் விழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுகிறார்கள். ஃபிளஷ் செய்ய (எழுதியதை உடனே திரைக்கு அனுப்ப) மறப்பது, பார் ஒரே வரியில் நிற்காமல் வரிவரியாக இறங்குவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாலே அவை கண்ணில் பட்டுவிடும். எழுதியவரின் மெஷினில் ஒழுங்காக ஓடிவிட்டு, இன்னொருவர் கைக்குப் போனதும் காலை வாரும் தவறுகளைப் பற்றித்தான் இது.

## சிஸ்டம் கடிகாரத்தை நம்பி நேரத்தைக் கழிப்பது

தொடக்கத்தில் ஒரு டைம்.டைம் (இப்போதைய நேரத்தைத் தரும் ஃபங்ஷன்), முடிவில் ஒரு டைம்.டைம், கழித்தால் ஆன நேரம். பைதானில் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அது தேதியும் மணியும் சொல்வதற்கான கடிகாரம். நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதை நடுவில் திருத்தும், சில சமயம் பின்னுக்கும் தள்ளும். 2017 புத்தாண்டு பிறந்தபோது கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக வைக்க ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் (தளப் பெயரை முகவரியாக மாற்றுபவை) சிலவற்றில் கழித்து வந்த நேரம் மைனஸில் போய், அதை எதிர்பார்க்காத கோ மொழிப் புரோகிராம் பேனிக் ஆகி விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கோ 1.9, நேரத்தோடு, பின்னுக்குப் போகாத மோனோடானிக் கடிகாரத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. பைதானில் 3.3 முதலே டைம்.மோனோடானிக் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் லேப்டாப் சஸ்பெண்ட் ஆகியிருக்கும் நேரத்தை மட்டும் அது எண்ணாது.

## ஒப்படைத்ததை முடிந்ததாக எண்ணுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்க ஒரு பைதான் ஸ்கிரிப்ட் இருந்தது. கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும், ரைட் அழைக்கும், பாரை நகர்த்தும். 100% வந்ததும் ஆபரேட்டர் ஒயரைக் கழற்றி, டிஸ்கைப் பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்புவார். ஒருநாள் ரெஸ்டோர் செய்ய வேண்டி வந்தபோது பார்த்தால், கோப்பின் கடைசிப் பகுதியைக் காணோம். அன்மவுண்ட் செய்யாமல் பிடுங்கிவிட்டார் என்று பழி முழுக்க ஆபரேட்டர் மேல் விழுந்தது. முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னது புரோகிராம். அதை நம்பித்தான் அவர் கழற்றினார். நம்புவதற்காகத்தானே அந்த பாரே இருக்கிறது?

லினக்ஸில் ரைட் வெற்றியாகத் திரும்பியது என்றால், டேட்டாவைக் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வாங்கித் தன் பேஜ் கேஷில் (மெமரியில் உள்ள தற்காலிக இடத்தில்) வைத்துக்கொண்டது என்றுதான் அர்த்தம். தபால் பெட்டியில் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்ததாகிவிடாது. டிஸ்குக்கு எழுதாமல் அப்படித் தேங்கி நிற்பதற்கு கெர்னலின் இயல்பான வரம்பு, கிடைக்கும் மெமரியில் 20%. 16 ஜிபி ராம் இருந்தால் அது 3 ஜிபியைத் தொடலாம். வினாடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவில் 2 ஜிபி கோப்பைப் போட்டால், பாரில் சில வினாடிகளில் வேலை முடிந்துவிடும். நிஜத்தில் இன்னும் 3 நிமிஷத்துக்கு மேல் பாக்கி இருக்கும். டேட்டாவை நகலெடுக்கும் டிடி கட்டளையில் ஸ்டேட்டஸ்=ப்ராக்ரஸ் போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: முதலில் வேகம் எக்கச்சக்கமாகக் காட்டும், அப்புறம் எண் அப்படியே நின்றுவிடும். ஓஃபிளாக்=டைரக்ட் சேர்த்தால் கேஷைத் தாண்டி எழுதும், எண்ணும் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் என்றால், சில பத்து எம்பிக்கு ஒரு முறை ஓஎஸ்.எஃப்சிங்க் (கேஷில் உள்ளதை டிஸ்கில் எழுதச் சொல்லும் ஃபங்ஷன்) அழைத்து, அது திரும்பிய பிறகே பாரை நகர்த்துங்கள். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அதற்கு வழியில்லை என்றால் கடைசியில் ஒரு முறையாவது எஃப்சிங்க் செய்யுங்கள். அது முடியும்வரை 100% காட்டாமல் "டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கிறது" என்று தனி வரி போடுங்கள். கழற்றப்போகும் டிஸ்க் என்றால் அன்மவுண்டையும் ஸ்கிரிப்டே செய்துவிட்டு, "இப்போது கழற்றலாம்" என்று சொல்லட்டும்.

இதே தவறு த்ரெட் பூலிலும் (பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டும் அமைப்பு) வரும். ஆயிரக்கணக்கான படங்களை சப்மிட் செய்யும் லூப்புக்குள்ளேயே பாரை வைத்துவிடுகிறார்கள். சப்மிட் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் 100%, பிறகு அரை மணி நேரம் அசைவே இருக்காது. பார்ப்பவர் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து கண்ட்ரோல்-சி அடிப்பார், பாதி வேலை போகும். வேலைகள் முடிய முடிய ஆஸ்_கம்ப்ளீட்டட் தருவதை எண்ணுங்கள். அதிலும் தோற்ற வேலை முடிந்த வேலையோடு சேர்ந்தேதான் வரும். ஒவ்வொன்றிடமும் ரிசல்ட் கேட்டுப் பார்த்து, முடிந்தது எத்தனை, தோற்றது எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள்.

99.6-ஐ ரவுண்ட் செய்து 100 என்று காட்டுவதும் இதே பொய்தான். கீழ்நோக்கி வெட்டுங்கள்.

## ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் பார்

அவுட்புட்டைக் கோப்புக்குத் திருப்பினால் பாரும் அதில் கலந்துவிடும். அதை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புங்கள், அதுவும் எதிரே இருப்பது டெர்மினல்தானா என்று இஸ்ஏடிடிஒய் மூலம் கேட்ட பிறகு.

## கோப்பின் பெயரை வரிக்குள் திணிப்பது

வரி டெர்மினலின் அகலத்தைத் தாண்டி மடிந்துவிட்டால், வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் கேரியேஜ் ரிட்டர்ன் மடிந்த கடைசித் துண்டின் தொடக்கத்துக்குத்தான் போகும். மேலே குப்பை சேர்ந்துகொண்டே வரும். தமிழில் பெயர் வைத்த கோப்பு வந்தால் இன்னும் சிக்கல். "கோவில்" கண்ணுக்கு 3 எழுத்து, நீளத்தை எண்ணும் பைதானின் லென் 6 என்கிறது, டெர்மினல் எத்தனை கட்டம் ஒதுக்கும் என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். லென்னை வைத்து இடைவெளி நிரப்பினால் சதவீதம் இங்கும் அங்கும் தாவும். எண்களை முதலில் வையுங்கள், பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளுங்கள், வலது பக்கம் தாராளமாக இடம் விடுங்கள்.

## ஒவ்வொரு சுற்றிலும் பாரை வரைவது

2016 தொடக்கத்தில், புரோகிரஸ் பாரை அணைத்தால் என்பிஎம் இன்ஸ்டால் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கட்டளை) ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக ஓடுகிறது என்று புகார் எழுந்தது. பைதானின் புரோகிரஸ் பார் லைப்ரரியான டிக்யூடிஎம் இயல்பாகவே 0.1 வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல் வரையாது. கண்ணுக்கு அதுவே அதிகம்.

## மீதி நேரத்தைக் கோப்பு எண்ணிக்கையில் கணக்கிடுவது

பைட்டில் கணக்கிடுங்கள். 900 சின்னக் கோப்புகள் முடிந்த பிறகு ஒரு 40 ஜிபி கோப்பு காத்திருக்கலாம்.

## நேரத்தை எஸ்டிஆர்எஃப்டைமில் வடிவமைப்பது

அது தேதியும் மணியும் காட்டுவதற்கானது. 26 மணி நேரம் ஓடிய வேலையை 2 மணி நேரம் என்று காட்டும்.

## கர்சரை மறைத்துவிட்டு அப்படியே போவது

மறைத்தால், கண்ட்ரோல்-சி அடித்தாலும் திரும்பக் காட்டும்படி ஃபைனலி பிளாக்கில் எழுதுங்கள்.