நீர்வண்ணத்திலிருந்து கம்பளிக்கு: ஓர் அருவ ஓவியத்தை மீண்டும் உருவாக்கிய அனுபவம்

கொடைக்கானலின் மூடுபனியைப் பார்த்து முன்பு நான் நீர்வண்ணத்தில் தீட்டிய அருவ ஓவியம் ஒன்றை, ஆட்டு உரோமத்தைச் சோப்பு நீரில் தேய்த்துக் கெட்டிப்படுத்தும் ஃபெல்ட் முறையில் மீண்டும் உருவாக்க விரும்பினேன். கம்பளிக்கான பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கப்படும் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் கொடைக்கானலின் மேல்மலைப் பகுதியிலேயே இருப்பதால், இதை இந்த மலைக்கே உரிய ஊடகமாக மதிக்கிறேன்.

சிக்கல் நிறத்தில் இருந்தது. நீர்வண்ணத்தில் மஞ்சளின் மேல் நீலத்தை மெல்லப் பூசினால், ஒளி இரண்டையும் ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புவதால் பச்சை தோன்றும். கம்பளியிலோ மேலடுக்கு கீழடுக்கை மறைத்துவிடுகிறது. ஆகவே அடுக்குவதை விட்டுவிட்டு, சாயமேற்றிய நீல, மஞ்சள் இழைகளைக் கம்பிப் பற்கள் பதித்த இரு பலகைகளுக்கிடையே வைத்துச் சீவி, அவை முழுமையாகக் கலப்பதற்குச் சற்று முன்னரே நிறுத்தினேன். எட்ட நின்று பார்க்கும்போது கண்ணே அவற்றைப் பச்சையாகச் சேர்த்துக்கொள்கிறது. அருகில் வந்தால் தனித்தனி இழைகள் தெரிகின்றன. தாளில் கிடைக்காத இந்த இரட்டைத் தோற்றத்திற்காகவே இப்பணி தகும் என்று கருதுகிறேன்.

வெந்நீரில் உரோமத்தின் நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றும்போது, நீளமும் அகலமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், வடிவங்களை ஒன்றரை மடங்கு பெரிதாக விரித்தேன். நேராக நிற்க வேண்டிய ஒரே கோட்டை மட்டும், துணி உலர்ந்த பிறகு ஊசியால் தனியே குத்திப் பதித்தேன்.